கைப்படம்

என் அக்காவுக்குப் பொறுமை அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். பொறுமை என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்று நினைக்கிறார்கள். அக்கா ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறோம். எதிரே பஸ் நிறுத்தம், பக்கத்தில் சாவி போடுகிறவர். முன்பக்கம் பிரேம்கள் மாட்டிய அலமாரியும் நானும். பின்பக்கம், தடுப்புக்கு அந்தப் புறம், லென்ஸ் தேய்க்கிற மெஷினும் அக்காவும். மெஷினில் ஒரு லென்ஸை மாட்டிவிட்டால் அது தேய்ந்து முடிகிற வரை கைக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில்தான் அக்கா ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனை எடுப்பாள். அந்த இடைவெளிகளில்தான் செடிக் குழு பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் செடி வளர்க்கிறவர்கள் இணையத்தில் கூடுகிற இடம் அது. ஒரு சின்ன ஊரின் ஜனத்தொகை இருக்கும். யாரோ ஆரம்பித்து, நடத்த முடியாமல் கைகழுவிவிட்டுப் போனதை அக்கா எடுத்து நிறுத்தினாள். அட்மின்கள் மூன்று பேர். அக்கா, நான், அப்புறம் ஆடிட்டர் என்று நாங்கள் கூப்பிடுகிற ஒருவர். அவர் நிஜமாகவே ஆடிட்டர்தான். நான் எப்படி அட்மின் ஆனேன் என்றால், "உனக்குத்தான் வாய் இருக்கே, எதுக்காவது உபயோகப்படட்டும்" என்று அக்கா சேர்த்துவிட்டாள். எனக்குச் செடி எதுவும் கிடையாது. கடை வாசலில் நான் வைத்திருக்கிற ஒரே தொட்டியும் பிளாஸ்டிக்.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை, உள்ளே வரக் காத்திருக்கிறவர்களைப் பார்ப்பது. சேர விரும்புகிறவர்களுக்கு அக்கா ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறாள். "கடைசியாக எந்தச் செடியைக் கொன்றீர்கள்?" நிஜமாகச் செடி வளர்க்கிறவர்கள் உடனே கொட்டிவிடுவார்கள். ரோஜா, தண்ணீர் அதிகமாகிவிட்டது. புதினா, ஊருக்குப் போயிருந்தேன். ஒருவர் "சொன்னால் அழுகை வரும்" என்று மட்டும் எழுதியிருந்தார், அவரை அக்கா கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தாள். எதையும் கொன்றதே இல்லை என்கிறவர்கள் உரம் விற்க வந்தவர்கள். அவர்களுக்குக் கதவு கிடையாது.

அடுத்தது, இலை மஞ்சளாகிறது என்ற கேள்வி. தினமும் வரும். பழைய ஆட்கள் "தேடிப் பாருங்க, ஆயிரம் தடவை சொல்லியாச்சு" என்று சிடுசிடுப்பார்கள். அக்கா தினமும் புதிதாகக் கேட்டதுபோலவே பதில் சொல்வாள். ஒருநாள் நான், "காப்பி எடுத்து ஒட்டித் தொலையேன்" என்றேன். "அவங்களுக்கு இன்னிக்குத்தானே மஞ்சளாச்சு" என்றாள். 

அப்புறம் சண்டைகள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். என் கையில் விட்டால் வாய் நீளமானவர்களை எல்லாம் முதல் வாரமே தூக்கி வெளியே போட்டிருப்பேன், குழுவில் நானும் உரக் கம்பெனிக்காரர்களும்தான் மிஞ்சியிருப்போம். அக்காவின் வழி வேறு. தப்பாக எழுதியதை முதலில் மறைப்பாள். பிறகு எழுதியவருக்கே திருப்பி அனுப்புவாள், குத்தலை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் விட்டு. "நீங்க தண்ணி ஊத்தற அழகுக்குக் கள்ளிச்செடிகூட ஊரை விட்டு ஓடிடும், வாரம் ஒரு தடவை ஊத்தினா போதும்" என்று ஒருவர் எழுதினால், "வாரம் ஒரு தடவை ஊத்தினா போதும்" என்பது மட்டும் அவரிடம் திரும்பிப் போகும். "இப்படிப் போடட்டுமா?" என்று கேட்பாள். பத்தில் எட்டுப் பேர் வெட்கப்பட்டுச் சரி என்பார்கள். மற்ற இரண்டு பேருக்கு மஞ்சள் இலை. அது எங்கள் குழுவின் எச்சரிக்கை. மூன்று மஞ்சள் இலை வாங்கினால் உதிர்ந்துவிட வேண்டும். இன்னொரு விதி, யாராக இருந்தாலும் "நீங்க" என்றுதான் பேச வேண்டும். வா போ கிடையாது.

இந்த விதிக்குள் நின்றுகொண்டே ஒருவரை ஒருவர் வறுத்தெடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் குழுவில் வைத்துக்கொண்ட பெயர் கத்திரி. வளர்கிற எதையும் வெட்டச் சொல்கிற அம்மா. இன்னொருவர் காடு. எதையும் வெட்டக் கூடாது என்கிற ஆள். இரண்டு பேரும் திராட்சைக் கொடி வைத்திருந்தார்கள். கவாத்து பண்ணுவதா வேண்டாமா என்பதில் தொடங்கினால் அன்றைய பொழுது போய்விடும்.

"காடு அவர்களுக்கு வணக்கம். செடியை வளர்க்கறது வேற, கைவிடறது வேற. உங்க படத்துல ரெண்டாவதுதான் தெரியுது" என்று கத்திரி எழுதுவார்.

"கத்திரி அம்மாவுக்கு நன்றி. உங்க செடி எல்லாம் இப்பதான் சலூன்லேர்ந்து வந்த மாதிரி இருக்கு" என்று காடு எழுதுவார்.

மரியாதைக்கு ஒரு குறைவும் இருக்காது. படிக்கிற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். இருவருக்கும் ஆளுக்கு ஒரு மஞ்சள் இலை கொடுத்த அன்று, காட்டிடமிருந்து அக்காவுக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. அக்கா மெஷினில் இருந்தாள். "கை ஈரம், என்னன்னு படி" என்றாள். நான் படித்தேன்.

"எனக்கு எத்தனை மஞ்சள் இலை வேணும்னாலும் குடுங்க மேடம். கத்திரிக்குக் குடுக்காதீங்க. அவங்க என் கூடப் பிறந்த அக்கா. பக்கத்து வீடு, நடுவுல ஒரு சுவர். எங்களுக்குள்ள பேச்சு நின்னு வருஷக்கணக்கா ஆச்சு. நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா அன்னிக்கே குழுவை விட்டுப் போயிடுவாங்க. திட்டறதுக்காவது இங்க என்கிட்ட பேசறாங்க. அதுவும் போயிட்டா எனக்கு யாரும் இல்ல."

படித்து முடித்ததும் அக்கா மெஷினை நிறுத்திவிட்டாள். "இது நம்ம ரெண்டு பேரோட போகணும்" என்றாள். உள்பெட்டியில் வந்தது உள்பெட்டியோடு என்பது அவளே அவளுக்குப் போட்டுக்கொண்ட விதி.

கொஞ்ச நாள் கழித்துக் கத்திரியிடமிருந்தும் ஒரு செய்தி வந்தது. "காடு கொஞ்சம் ஓவராப் பேசினாலும் விட்டுடுங்கம்மா. அவன் என் தம்பி. படத்துல எங்க சுவரே தெரியுது, எனக்குத் தெரியாமப் போகுமா? அவனுக்கு நான்தான் கத்திரின்னு தெரியாது. தெரியவும் வேண்டாம், ஓடிடுவான்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஒரே கொடி. வேர் தம்பி வீட்டில், கிளை சுவர் தாண்டி அக்கா வீட்டில். இரண்டு பக்கமும் நின்று அதையே படம் எடுத்துப் போட்டுக்கொண்டு, மற்றவருக்கு மட்டும் கண் தெரியாது என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "ரெண்டு பேரையும் நம்ம கடைக்கு வரச் சொல்லு, நல்ல பவரா மாட்டி விடறேன்" என்றேன். அக்கா சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து அந்த இரண்டு பேர் சண்டையை அவள் கண்ணாடிப் பாத்திரம்போலக் கையாண்டாள். அளவு மீறாமல், அணைந்தும் போகாமல். ஒரு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்றால், "மழைக்காலம் வருது, கவாத்து பண்ணலாமா வேண்டாமா?" என்று அவளே ஒரு கேள்வியைப் போட்டுவிடுவாள். கள்ளி.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில்தான் ஆடிட்டர் வந்து கல்லைப் போட்டார்.

அவரைக் குறை சொல்லவில்லை. நல்ல மனிதர், கண்கொத்திப் பாம்பு. எங்கள் குழுவில் பெரிய குற்றம் அடுத்தவர் செடியின் படத்தைத் தன் செடி என்று போடுவது. அதற்கு மஞ்சள் இலை எல்லாம் கிடையாது, நேராக வெளியேதான். திருடுகிறவர்கள் மாட்டாமல் இருக்கப் படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவார்கள். ஆடிட்டர் அப்படிப் பலரைப் பிடித்தவர். ஒரு மத்தியானம் கத்திரியின் படத்தையும் காட்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஒரே குலை. நடுவில் பல் விழுந்ததுபோல ஒரே இடைவெளி. மேலே நத்தை தின்ற ஓட்டையோடு ஒரே இலை. ஒன்றில் ஓட்டை இடது பக்கம், மற்றதில் வலது பக்கம். முடிந்தது. ஒரு சுவருக்கு இரண்டு பக்கம் உண்டு, உச்சியில் இருக்கிற குலையை இரண்டு பக்கமிருந்தும் படம் எடுக்கலாம் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? சிவப்பில் வட்டம் போட்டு, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குழுவிலேயே போட்டுவிட்டார். "ஒரே குலை, திருப்பிப் போட்ட படம். இவர்களில் ஒருவர் திருடர்."

குழு பற்றி எரிந்தது. கத்திரி பக்கம் ஒரு கட்சி, காடு பக்கம் ஒரு கட்சி. இத்தனை நாள் இலை மஞ்சளானதைத் தவிர வேறெதுவும் பேசாதவர்கள்கூட நீதிபதி ஆகிவிட்டார்கள். கடையில் ஒருவர் பிரேம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவருக்கு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தலைகீழாகக் காட்டிக்கொண்டிருந்தேன். 

அக்கா முதலில் அந்தப் பதிவின் கீழ் யாரும் எழுத முடியாதபடி பூட்டினாள். பிறகு ஆடிட்டருக்குப் போன் போட்டாள்.

"சார், வட்டம் சரியாத்தான் போட்டிருக்கீங்க. அந்த ஓட்டை இலை என் கண்ணுல படவே இல்ல. ஆனா திருடர்னு எழுதியிருக்கீங்களே, நிரூபிக்காம அப்படி யாரையும் சொல்லக் கூடாதுன்னு விதி எழுதினதே நீங்கதான்."

 ஆடிட்டர், "எடுத்துடறேம்மா. எனக்கே ஒரு மஞ்சள் இலையும் போட்டுக்கறேன்" என்றார். போட்டுக்கொண்டார். அதில் எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. ஆனால் கூடவே இன்னொன்றும் சொன்னார். "விசாரணை மட்டும் விதிப்படி நடக்கணும்."

விதிப்படி என்றால் கைப்படம். சந்தேகம் வந்தால், செடி பக்கத்தில் தன் கையை வைத்துப் புதிதாக ஒரு படம் எடுத்துப் போட வேண்டும். முகம் வேண்டாம், பேர் வேண்டாம், கை போதும். அடுத்த நாள் சாயங்காலம் வரை நேரம். ஒருவர் படம் வந்தால் மற்றவர் வெளியே. யார் படமும் வரவில்லை என்றால் இரண்டு பேரும் வெளியே.

"ஆடிட்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடேன். ஒரு நிமிஷ வேலை" என்றேன்.

"அவங்க என்கிட்ட சொன்னாங்க. ஆடிட்டர்கிட்ட சொல்லலை."

"அப்ப ரெண்டுல ஒண்ணு வெளிய போகும். அந்த அக்காவும் தம்பியும் ஜென்மத்துக்கும் பேச மாட்டாங்க. பரவாயில்லையா உனக்கு?"

"பரவாயில்லன்னு நான் சொன்னேனா?" என்று திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. 

இருவருக்கும் ஒரே செய்தியை அனுப்பினாள். உங்கள் மேல் இப்படி ஒரு புகார், கைப்படம் அனுப்புங்கள், விதி இது, நேரம் இது. அவ்வளவுதான். மெஷினில் இருந்த லென்ஸ் தேய்ந்து முடிவதற்குள் கத்திரியின் பதில் வந்துவிட்டது. நான்தான் படித்தேன்.

"நான்தாம்மா அவர் படத்தை எடுத்துப் போட்டேன். என்னை எடுத்துடுங்க. காடு இருக்கட்டும். அவனுக்கு இந்தக் குழுவை விட்டா வேற போக்கிடம் இல்ல."

அதைப் படித்து முடிப்பதற்குள் காட்டின் பதில். "திருடினது நான்தான்னு போட்டுடுங்க மேடம். அக்கா இருக்கட்டும்."

செய்யாத திருட்டுக்கு இரண்டு திருடர்கள்.  வருஷக்கணக்காகப் பேசாத ஜென்மங்கள், ஒருவருக்காக ஒருவர் திருட்டுப் பட்டம் வாங்கிக்கொள்ளத் தயார். ஆனால் சுவருக்கு மேலே தலையை நீட்டி "என்னடா", "என்னக்கா" என்று ஒரு வார்த்தை மட்டும் வராது. "இதையே மாத்தி மாத்தி அனுப்பிவிடு. அவரோடதை இவங்களுக்கு, இவங்களோடதை அவருக்கு. முடிஞ்சுது கதை" என்றேன்.

அக்காவுக்கும் ஆசையாக இருந்திருக்கும். விரல் போன் மேல் நின்றது. பிறகு எடுத்துவிட்டாள். "அப்புறம் யாரும் என்னை நம்பி ஒரு வார்த்தை எழுத மாட்டாங்கடி" என்றாள். இருவருக்கும் மறுபடி ஒரே பதிலை எழுதினாள்.

"பொய் வாக்குமூலம் இந்தக் குழுவில் செல்லாது. கைப்படம் மட்டும்தான் செல்லும். ஒரே படத்தில் இத்தனை கைதான் இருக்கணும்னு விதி எதுவும் இல்லை."

கடைசி வரியை நான் இரண்டு தடவை படித்தேன். "இது போதுமா அவங்களுக்கு?"

"இதுக்கு மேல நான் சொல்லக் கூடாது" என்றாள்.

மறுநாள் அக்கா ஒரு லென்ஸை உடைத்தாள். இத்தனை வருஷத்தில் நான் பார்க்காதது. ஒரு டீச்சரம்மாவின் கண்ணாடிக்கு இடது லென்ஸை வலது பக்கம் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினாள். நடுவில் குழுவேலையும் நிற்கவில்லை. புதிதாகச் சேர வந்த ஒருவர் கற்றாழையைக் கொன்றிருந்தார், அது எப்படி என்று விசாரித்து உள்ளே விட்டாள். தக்காளிப் பூ உதிர்கிறது என்று அழுத ஒருவருக்கு ஆறுதல் சொன்னாள். யாரோ ஒருவருக்கு இலை மஞ்சளாகியிருந்தது, அதற்கும் முழுசாகப் பதில் எழுதினாள். என்னால் முடியாது. நெஞ்சில் கல்லை வைத்துக்கொண்டு ஊரார் தக்காளிக்கு இரங்க என்னால் சத்தியமாக முடியாது. அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை, தலைக்கனம் வந்துவிடும்.

வெயில் சாய்ந்தது. எதிரே பஸ்ஸுக்குக் கூட்டம் சேர்ந்தது. ஆடிட்டர், "இன்னும் எதுவும் வரலையே" என்று எழுதினார். அக்கா தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். மெஷினை நிறுத்திவிட்டிருந்தாள். நான் ஷட்டரை இறக்க எழுந்தேன், போன் சிணுங்கியது.

கத்திரியின் கணக்கிலிருந்து ஒரு படம். குழுவிலேயே, எல்லோர் கண்ணெதிரேயும்.

காரை பெயர்ந்த ஒரு சுவரின் உச்சி. அதன் மேல் படர்ந்த திராட்சைக் கொடி, நத்தை தின்ற இலை, நடுவில் பல் விழுந்த அந்தக் குலை. குலையை அடியிலிருந்து தாங்கிய ஒரு பெண் கை, நகக்கண்ணில் மண். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டி, காம்பைப் பிடித்திருந்த ஓர் ஆண் கை. அந்தக் கை ஏதோ ஏணியிலோ முக்காலியிலோ ஏறித்தான் எட்டியிருக்க வேண்டும், சட்டைக் கை தோள் வரை சுருண்டு கிடந்தது. கீழே எழுதியிருந்தது: "கைப்படம். குலை ஒண்ணுதான். வேர் அவன் பக்கம், காய் என் பக்கம். யாரும் யாரோட படத்தையும் திருடலை. அவன் என் தம்பி."

அக்கா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, குலுங்கினாள். எனக்கும் கண்ணில் நீர் கொட்டியது. கண்ணாடிக் கடையில் துடைக்கத் துணிக்கா பஞ்சம்? ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டோம்.

குழுவில் முதலில் ஆடிட்டர்தான் எழுதினார். "கைகள் சரிபார்க்கப்பட்டன. ஆட்சேபணை இல்லை. சுவரை நான் யோசிக்கவில்லை, மன்னிக்கவும்." அதற்கப்புறம் பூவும் இலையுமாகப் படங்கள் வந்து குவிந்தன.

நடுவில் காடு வந்தார். "எல்லாருக்கும் நன்றி. ஆனா ஒண்ணு. போன வருஷம் கத்திரி அவர்கள் கவாத்து பண்ணாம விட்டிருந்தா இன்னும் நாலு குலை வந்திருக்கும்."

கண்ணை மூடித் திறப்பதற்குள் கத்திரியின் பதில். "போடா, உனக்கு என்னடா தெரியும்? காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலைன்னு சொன்னியே, சுத்தி வாசல் வழியா வா."

போடா. விதி மீறல். பழக்கம் பாருங்கள், என் விரல் தானாக அந்தப் பதிவை மறைக்கப் போய்விட்டது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் விடு" என்றாள்.